பல்செட்டுக்கு ஐந்து விநாடி

என் வீட்டுக்காரரின் அக்கா பொய்ப்பல் செய்கிறவர். எங்கள் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி ஒரு பல் மருத்துவமனை இருக்கிறது. அதன் பின்கட்டில் ஒரு சின்ன அறை. இருபத்திரண்டு வருஷமாக அங்கே ஒரே முக்காலியில் உட்கார்ந்து, மெழுகில் ஈறு இழைத்து, ஒவ்வொரு பல்லாக நட்டு, யார் யார் வாய்க்கோ சிரிப்பு தயாரித்துக்கொண்டிருக்கிறார். அவருடைய மேஜையில் எப்போதும் முப்பது நாற்பது தாடைகள் வாயைப் பிளந்துகொண்டிருக்கும். கல்யாணத்துக்கு முன்னால் என்னை முதல் தடவை பார்த்தபோது முகத்தைப் பார்க்கவே இல்லை, பல்லைத்தான் பார்த்தார். "கீழ் வரிசைல ரெண்டாவது கொஞ்சம் சாய்ஞ்சிருக்கு. பரவாயில்ல, கடி நல்லா இருக்கும்" என்றார். அது பாராட்டு என்று எனக்குப் புரிய இரண்டு வருஷம் ஆனது.

நான் அவரை அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு நாற்பத்தெட்டு வயது. வேலை முடிந்து வந்ததும் கையில் ஒட்டிய வெள்ளைத் தூளைக்கூட ஒழுங்காகக் கழுவாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவார். வீடியோ கேம்தான். கண்ட கண்ட கேமெல்லாம் ஆட மாட்டார். ஊர் கட்டி, படை திரட்டி, நாள்கணக்கில் யோசித்து ஆடுகிற ஸ்ட்ராட்டஜி கேம் ஆடுவார். அடுத்தவன் கம்ப்யூட்டருக்குள் திருட்டுத்தனமாகப் புகுகிற ஹேக்கிங் கேம் ஆடுவார். ஆடி முடித்ததும், தமிழ் ஆட்டக்காரர்கள் கூடுகிற ஒரு இணையதளத்தில் பல்செட் என்ற பெயரில் தன் கருத்தை எழுதி, பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவார். பன்னிரண்டு வருஷத்தில் அவர் கொடுத்த அதிகபட்ச மதிப்பெண் ஆறு. அதையும் மனசு உறுத்தி மறுநாள் ஐந்தே முக்கால் ஆக்கிவிட்டார்.

அவர் எழுதுவதை நான் படிப்பதில்லை. படிக்க வேண்டிய அவசியமும் இல்லை. எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் நேரடி ஒலிபரப்பு உண்டு.

"கஷ்டமான லெவல்னு ஒண்ணு வைக்கிறான்ல, அதுல எதிராளி என்ன பண்றான் தெரியுமா? மூளையை வச்சு ஆடறதில்ல. அவனுக்கு மட்டும் ரெண்டு மடங்கு மரம், ரெண்டு மடங்கு கல்லு. அவன் புத்திசாலி இல்லம்மா, பணக்காரன். ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவன்தான் இந்த மாதிரி கேம் பண்ணுவான்."

நான் தலையாட்டுவேன். எனக்கு மரமும் தெரியாது, கல்லும் தெரியாது. ஆனாலும் அண்ணி பேசும்போது தலையாட்டாமல் இருக்க முடியாது.

"முந்நூறு பேர் படை. ஒரு பாலம். நீ முதல்ல போ, இல்ல நீ முதல்ல போன்னு முந்நூறு பேரும் மரியாதை பண்ணிக்கிட்டு நிக்கிறானுங்க. எதிரி வந்து வெட்டறான், அப்பவும் மரியாதை! சரி, ஜெயிச்சாச்சுன்னு வை. உடனே முடிக்கிறானா? எதிரி நாட்டு விறகுவெட்டி ஒருத்தன் எங்கயோ காட்டு மூலைல ஒளிஞ்சிருப்பான். அவனைத் தேடி ஒன்றரை மணி நேரம் நடக்கணும். நல்ல கேம்னா, தோத்தவுடனே நமக்கு நம்ம மேல கோவம் வரணும். முதல் பத்து நிமிஷத்துல நான் செஞ்ச தப்பு ஒம்பதாவது மணி நேரத்துல வந்து என் கழுத்தைப் பிடிக்கணும். தப்பு என்னோடதா இருக்கணும்!"

ஹேக்கிங் கேம் பக்கம் பேச்சு திரும்பினால் அண்ணியின் குரல் இன்னும் ஒரு படி ஏறும்.

"கறுப்புத் திரைல பச்சை எழுத்து மழை மாதிரி கொட்டும். பாஸ்வேர்டு எப்பவும் நாய்க்குட்டி பேரு. இல்லைன்னா உடைஞ்ச குழாயெல்லாம் திருப்பித் திருப்பி வச்சு இணைக்கணும். திருட வந்தவனை எதுக்குடா குழாய் ரிப்பேர் பண்ணச் சொல்றீங்க? எங்க ரூம் கம்ப்யூட்டர் பாஸ்வேர்டு, கம்ப்யூட்டர் மேலயே ஒட்டியிருக்கு. டாக்டர் கையெழுத்துல. எவனாவது போன் பண்ணி, 'மறந்துட்டேன், சொல்லுங்களேன்'னு கேட்டா நாங்களே சொல்லிடுவோம். உலகத்துல திருட்டு அப்படித்தான் நடக்குது. ஒரு கேம்லயாவது ஒரு போன் வச்சானா?"

கேமையே ஹேக் செய்வது பற்றியும் அண்ணிக்குத் தெளிவான கொள்கை உண்டு. ஊரோடு சேர்ந்து ஆடும்போது சுவருக்கு அந்தப் பக்கம் பார்க்கிற மாதிரி களவு செய்கிறவர்களை வாய்க்கு வந்தபடி திட்டுவார். ஆனால் தனக்குச் சொந்தமான கேமை, நேர்மையாக ஆடி முடித்த பிறகு, உள்ளே பிரித்துப் பார்ப்பது குற்றமில்லை என்பார். "அடுத்தவன் தட்டுல கை வைக்கக் கூடாது. என் தட்டை நான் கவுத்துப் போட்டுக்கூடப் பார்ப்பேன்" என்பார். இந்த ஒரு வரியை என் வீட்டுக்காரர் மட்டும் ஞாபகம் வைத்திருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது.

என் வீட்டுக்காரர் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அதை உதறிவிட்டு, படம் வரைகிற ஒரு பெண்ணோடு சேர்ந்து சொந்தமாகக் கேம் செய்ய உட்கார்ந்தார். எங்கள் வீட்டு முன்னறைதான் கம்பெனி. கேமின் பெயர் தாழ்ப்பாள். ஒரு பக்கம் நம் ஊரைக் கட்டிக் காக்க வேண்டும். இன்னொரு பக்கம் எதிரியின் அலுவலகக் கம்ப்யூட்டருக்குள் புகுந்து அவன் கதவுகளைத் திறக்க வேண்டும். அதாவது ஸ்ட்ராட்டஜியும் ஹேக்கிங்கும் ஒன்றாக. அக்காவை நினைத்துத்தான் செய்தார் என்பது குருடனுக்கும் தெரியும். அக்காவிடம் மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

வெளியீடு ஒரு வெள்ளிக்கிழமை என்று முடிவாயிற்று. இதற்கிடையில் பழைய நிறுவனத்திலிருந்து, திரும்பி வருகிறீர்களா, வெள்ளிக்கு அடுத்த திங்களுக்குள் சொல்லுங்கள் என்று கடிதம் வந்தது. அதை ஃபிரிட்ஜில் ஒட்டினோம். தாழ்ப்பாள் போன்ற கேமை முதல் வாரத்தில் வாங்கக்கூடியவர்கள் யார் என்று பார்த்தால், பாதிப் பேர் பல்செட் சொன்னால் வாங்குகிறவர்கள். பல்செட் மூன்று மதிப்பெண் போட்டுவிட்டால் திங்கட்கிழமை இவர் பையைத் தூக்கிக்கொண்டு பழைய நாற்காலிக்குத் திரும்ப வேண்டியதுதான். வரைகிற பெண்ணும் வேறு வேலை தேட வேண்டியதுதான்.

"ஏங்க, உங்க அக்காதானே? கொஞ்சம் பார்த்துப் போடச் சொல்லுங்களேன்" என்று ஒரு நாள் வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"அவகிட்டயா? நான் பொறந்தப்பவே அவ எனக்கு அஞ்சுதான் போட்டிருப்பா" என்றார்.

வெளியீட்டுக்கு ஒன்பது நாள் முன்னால் அண்ணி கேட்டு அனுப்பினார். கேமின் ஒரு பிரதியைக் கொடுத்துவிட்டு வந்தார் இவர். அன்றிலிருந்து ஃபிரிட்ஜைத் திறக்கும்போதுகூட கடிதத்தைப் பார்க்காமல் திறந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அழைப்பு மணி அடித்தது. அடித்தது என்றால் விடாமல் அடித்தது. கதவைத் திறந்தால் அண்ணி. ஒரு கையில் மடிக்கணினி. மறு கையில் அவர் செய்த பொய்ப்பல்லை வெந்நீரில் வேகவைக்கும்போது நேரம் பார்க்கிற ஸ்டாப்வாட்ச். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராக முன்னறைக்குப் போனார். வரைகிற பெண் நாற்காலியோடு சுவரோரம் நகர்ந்துகொண்டாள்.

"டேய், உன் கேமை முடிச்சுட்டேன்."

இவர் முகம் மலர்ந்தது. "அதுக்குள்ளயாக்கா? ரொம்பக் கஷ்டமான லெவல்லயா?"

"ரொம்பக் கஷ்டமான லெவல்ல. முதல் தடவையே. ஒரு தடவைகூட மாட்டாம. எனக்கே என் மேல சந்தேகம் வந்துச்சு. நான் அவ்வளவு நல்லா ஆடறவ கிடையாதுடா." ஸ்டாப்வாட்சை மேஜையில் வைத்தார். "எதிரி ஆபீஸ்க்குள்ள புகுந்தா அலாரம் அடிக்க பதினோரு விநாடி. முடிச்சப்புறம் வேணும்னே நின்னு ரெண்டு தடவை பார்த்தேன், பதினோரு விநாடி. இவன் காவல்காரனா, கல்யாண வீட்டுக்கு வந்தவனா? அப்புறம் பேரை மாத்தினேன். மெழுகுன்னு வச்சு ஒரே ஒரு தடவை புகுந்தேன். எத்தனை விநாடின்னு நினைக்கிற?"

இவர் ஸ்டாப்வாட்சையே பார்த்தார்.

"ஆறு! ஆட்டம்தான் முடிஞ்சாச்சே, என் தட்டு, கவுத்துப் பார்த்தேன்." மடிக்கணினியைத் திறந்து, மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு, கோர்ட்டில் சாட்சியம் படிப்பவர் போல நிறுத்தி நிதானமாகப் படித்தார். "ஆடுபவர் பெயர் பல்செட் என்றால், அலாரத்தை ஐந்து விநாடி தாமதப்படுத்து. பக்கத்துல ஐயா குறிப்பு வேற எழுதியிருக்கார். 'அக்காவுக்கு. வெளியிடும்முன் மறக்காமல் எடு.'"

வரைகிற பெண் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு ஒரு பக்கம் பயம், ஒரு பக்கம் சிரிப்பு. கையும் களவுமாகப் பிடிபட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் தான் செய்த களவுக்குத் தன் கையாலேயே பேரும் காரணமும் எழுதிவைத்து, பிரித்துப் பார்க்கிற ஒரே ஆளிடம் கொண்டுபோய்க் கொடுத்தவரை அன்றுதான் பார்த்தேன். அவரைத்தான் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

"பயந்துட்டேன்க்கா" என்றார் அசடு வழிய. "நீ தோத்துத் தோத்து எரிச்சலாயிடுவியோன்னு..."

"நான் எரிச்சலாகணும்டா! அதுக்குத்தானே ஆடறேன்! பன்னெண்டு வருஷமா ஊர்ல இருக்கிறவனையெல்லாம் கிழிச்சுத் தொங்கவிட்டிருக்கேன். என் தம்பியே எனக்கு விட்டுக்கொடுத்து ஆடவச்சான்னா என் மூஞ்சியை எங்க வச்சுக்கிறது? ரெண்டு மார்க். பத்துக்கு ரெண்டு. அதுவும் படம் வரைஞ்ச பொண்ணுக்காக."

இவர் ஃபிரிட்ஜ் இருந்த திசையை ஒரு தடவை பார்த்தார். நானும் பார்த்தேன். என்னவானாலும் சரி, இன்றைக்கு அண்ணி காலில் விழுந்துவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

அப்போதுதான் இவர் அதைச் சொன்னார். மெதுவாக, தலையைக் குனிந்துகொண்டு.

"நீ மட்டும் விட்டுக்கொடுக்கலயா?"

"என்னது?"

"சின்ன வயசுல. ரெண்டு கன்ட்ரோலர் வச்ச அந்தப் பழைய பெட்டி. கோட்டை கேம். ஆறு வருஷம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நான்தானே ஜெயிச்சேன்?"

"நீ நல்லா ஆடின" என்றார் அண்ணி, சட்டென்று.

"எட்டாவது படிக்கிறப்பவே எனக்குத் தெரியும்க்கா. கடைசி நிமிஷத்துல உன் கட்டைவிரல் பட்டன் மேல இருக்காது. தூக்கியிருக்கும்."

அண்ணி தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டார். ஊரெல்லாம் வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேர் வாங்கிய மனுஷி, ஆறு வருஷம் ஞாயிறு தவறாமல் களவாடியிருக்கிறார்! எனக்கு வந்த குதூகலத்தை அடக்க மேஜையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"தெரிஞ்சுமா ஆடின?" என்று கேட்டார் அண்ணி. குரல் இறங்கியிருந்தது.

"நான் ஜெயிச்சா என்னைவிட நீதானே அதிகமா குதிப்ப. அதைப் பார்க்கத்தான்."

அண்ணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த கண்ணாடியையே திரும்பவும் துடைத்தார். நானும் யோக்கியம் இல்லையே. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் வேலை. பயிற்சிக் காரில் என் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். நான் அதை அழுத்தி வண்டியை நிறுத்திவிட்டு, "பாருங்க, எவ்வளவு அழகா நிறுத்தினீங்க" என்று ஒரு நாளைக்கு ஆறு பேரிடம் சொல்கிறவள்.

"அப்போ" என்றார் அண்ணி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "நாம ரெண்டு பேரும் இதுவரைக்கும் ஒரு ஆட்டம்கூட உண்மையா ஆடினதில்லையா?"

"இல்ல."

"இதுல ரெண்டு பேர் எதிரும் புதிருமா ஆடலாமா?"

"ஆடலாம்."

"அந்த வரியை எடு. என் கண்ணு முன்னாடி எடு."

எடுத்தார். டிவியில் கேமைப் போட்டார். திரை இரண்டாகப் பிரிந்தது. இடது பாதி அக்கா ஊர், வலது பாதி தம்பி ஊர். இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள். அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீ நடுவர்ம்மா. டிவியைப் பார்க்காத. எங்க கட்டைவிரலைப் பாரு. எவனாவது தூக்கினா, மண்டைல ஒண்ணு போடு."

என் வேலையே அடுத்தவர் கைகாலைக் கவனிப்பதுதான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நாலு கட்டைவிரல்களையும் பார்த்தேன்.

முதல் ஆட்டத்தில் அண்ணி இவரைத் துவைத்துக் காயப்போட்டார். இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. இரண்டாவதும் அப்படித்தான். இவர் சொந்தமாகச் செய்த ஊரில் இவருக்கே வழி தெரியவில்லை. "பாலத்துல மரியாதை பண்ணாம போறானுங்க, நல்லா இருக்குடா!" என்று கத்திக்கொண்டே அண்ணி இவர் தானியக் கிடங்கைக் கொளுத்தினார். வரைகிற பெண் நாற்காலியை விட்டு இறங்கித் தரைக்கு வந்துவிட்டாள். இரண்டு வருஷம் தான் வரைந்த ஊர் எரிவதைப் பார்த்து அவள் கைதட்டியது எனக்கு விசித்திரமாக இருந்தது.

மூன்றாவது ஆட்டம். அண்ணியின் படை இவர் வாசலில் நிற்கிறது. இவர் திருட்டுத்தனமாக அக்கா அலுவலகத்துக்குள் புகுகிறார், அலாரம், மாட்டிக்கொண்டார். திரும்பப் புகுகிறார், அலாரம். மூன்றாவது தடவையும் அலாரம்.

"முடிஞ்சுதுடா உன் கதை" என்றார் அண்ணி.

அப்போது இவர் பாதித் திரையில், மேஜை மேல், ஒரு சிவப்பு டெலிபோன் வந்து உட்கார்ந்தது. இவர் அதை எடுத்தார். அண்ணியின் பாதியில், அவருடைய அலுவலகத்தில் மணி அடித்தது. ஒரு குமாஸ்தாப் பெண் போனை எடுத்தாள்.

"ஐயோ, மறந்துட்டீங்களா சார்? அதுக்கென்ன, இருங்க, சொல்றேன்" என்றது டிவி.

என் குரல்! போன வருஷம் ஒரு நாள் மைக்கை நீட்டி, இதைக் கொஞ்சம் சிரிச்ச மாதிரி சொல்லு என்றார். சொன்னேன், மறந்தும் போனேன். இப்போது நானே அண்ணியின் பாஸ்வேர்டை எதிரிக்குத் தேனொழுகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அண்ணி ஊரின் எல்லாக் கதவுகளும் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தன.

"போன்!" அண்ணி எழுந்தே விட்டார். "போன் வச்சிருக்கியாடா! போன்!"

"மூணு தடவை மாட்டினாத்தான்க்கா வரும். நீ சொல்லித்தானே வச்சேன்."

"நான் பார்க்கவே இல்லையேடா!"

"நீதான் மூணு தடவை மாட்டவே இல்லையே" என்றார் இவர். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. அக்காவுக்காகச் செய்ததிலேயே நல்லதை, அக்காவுக்காகவே செய்த அந்த ஐந்து விநாடியால் அவரே மூடிவைத்திருக்கிறார். தலையில் பட்டென்று அடித்துக்கொண்டார்.

அண்ணி தோற்றுப்போனார். உண்மையாகத் தோற்றார், நாலு கட்டைவிரல்களும் பட்டன் மேல்தான் இருந்தன, நான் சாட்சி. தோற்றுவிட்டு, செருப்புக் காலோடு முன்னறையில் குதித்தார். "என்னை ஏமாத்திட்டான்! என் வீட்டு ஆளையே வச்சு என்னை ஏமாத்திட்டான்!" என்று என் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினார். கீழ்வீட்டுக்காரர் வந்து என்ன ஆச்சு என்று விசாரித்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் வரைக்கும் ஆடினார்கள். கிளம்பும்போது இவர் மெல்லக் கேட்டார், "மார்க் எவ்வளவுக்கா?"

"வெள்ளிக்கிழமை பார்த்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பிடி கொடுக்கிற ஆளா அவர்?

வெள்ளிக்கிழமை காலை நான் ஒரு மாணவரோடு பயிற்சிக் காரில் இருந்தேன். போன் அடித்தது. ஓரம்கட்டி நிறுத்தச் சொல்லும் பொறுமை எனக்கு இல்லை, அழைப்பை ஸ்பீக்கரில் போட்டேன். இவர் மூச்சு வாங்க வாசித்தார்.

"இந்த ஆட்டத்தில் எனக்காக ஒரு களவு செய்திருந்தார்கள். கண்டுபிடித்து எடுக்கவைத்தேன். உங்களுக்கு அந்தச் சலுகை கிடையாது, தோற்பீர்கள். மூன்று தடவையாவது மாட்டிக்கொள்ளுங்கள், அப்போதுதான் இந்த ஆட்டத்தின் அருமை தெரியும். தப்பெல்லாம் உங்களுடையதாகவே இருக்கும். ஏழு போட்டிருப்பேன். செய்தவன் என் தம்பி, அதனால் பாசத்துக்கு அரை மதிப்பெண் கழித்திருக்கிறேன். பத்துக்கு ஆறரை."

ஆறரை! நான் கத்திய கத்தலில் கால் தானாகப் பிரேக்கை மிதித்துவிட்டது. வண்டி குலுங்கி நின்றது.

மாணவர் வெலவெலத்துப் போனார். "மேடம், நான் என்ன தப்பு பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணல சார். பிரேக் போட்டது நான்." உண்மையைச் சொல்லி ருசி கண்டுவிட்டேன். "நேத்தும் நான்தான் போட்டேன். முந்தாநாளும் நான்தான்."

திங்கட்கிழமை இவர் அந்த நிறுவனத்துக்கு, வரவில்லை, நன்றி என்று எழுதிவிட்டார். அவர்கள் கடிதம் இன்னும் ஃபிரிட்ஜில்தான் இருக்கிறது, திருப்பி ஒட்டியிருக்கிறோம். ஞாயிறு ஆட்டங்களின் முடிவை அதன் பின்பக்கத்தில் எழுதுகிறேன். அக்கா பதினாலு, தம்பி பதினொன்று. ஒவ்வொரு ஞாயிறும் நான் அவர்களுக்கு எதிரே உட்கார்ந்து கட்டைவிரல்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இதுவரை ஒன்றுகூடத் தூக்கவில்லை.